வன்கொடுமைச் சட்டத்தை எதிர்த்தவர்களின் கூட்டத்துக்கு அனுமதி கேட்ட உரிமை அமைப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் அமைப்பு, சங்கம், ஊர், ஆட்கள் யாருடைய பெயரும் தரப்படவில்லை. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் தவிர்த்திருக்கிறேன். கூட்ட அனுமதி வழக்குகளைக் கையில் எடுக்கும் சிறு அமைப்புகளுக்கு உதவும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பின்னணி

தென் தமிழகத்தில் ஒரு மாவட்டத் தலைநகரில் இயங்கும் சிறிய மனித உரிமை அமைப்பு அது. சில வழக்கறிஞர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், போக்குவரத்துத் தொழிற்சங்கத்தில் நெடுங்காலம் இருந்த ஒருவர், கிராமங்களில் வேலை செய்யும் களப்பணியாளர்கள். சம்பளம் வாங்குபவர் யாருமில்லை. சந்தாவும் கைக்காசும்தான் நிதி.

அமைப்புக்கு இரண்டு வகை வேலை. முதலாவது, 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார் கொடுக்கும் பட்டியல் சாதி மக்களோடு காவல் நிலையத்திலிருந்து சிறப்பு நீதிமன்றம் வரை கூட நிற்பது. இரண்டாவது, பொதுக்கூட்டம், ஊர்வலம், உண்ணாவிரதம் ஆகியவற்றுக்குக் காவல்துறை அனுமதி மறுத்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனு போடுவது. 1861-ஆம் ஆண்டு காவல் சட்டத்தின் 30(2) பிரிவின் கீழ், கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் முன் அனுமதி வாங்க வேண்டும் என்று போடப்படும் உத்தரவு பதினைந்து நாள், பதினைந்து நாளாக நீண்டுகொண்டே போகும் மாவட்டங்களில் இந்த இரண்டாவது வேலைக்குப் பஞ்சமே இருக்காது. விவசாயிகள், ஒப்பந்தத் தொழிலாளர்கள், இடதுசாரிக் கட்சிகள், தலித் இயக்கங்கள் என்று பலருக்கும் அமைப்பு மனு போட்டிருக்கிறது.

பல ஆண்டுகளாக இந்த இரண்டு வேலையும் ஒன்றையொன்று தொந்தரவு செய்ததில்லை. கூட்ட அனுமதி கேட்டு வந்தவர்கள் எல்லோரும் அமைப்பினருக்கு ஏற்கெனவே பிடித்தவர்களாகவே இருந்ததுதான் அதற்குக் காரணம். "யாருடைய கருத்து என்று பார்க்க மாட்டோம்" என்ற வரி அமைப்பின் விதிகளில் முதல் பக்கத்திலேயே இருந்தது. அதைச் சோதித்துப் பார்க்கும் சந்தர்ப்பம் வரவில்லை, அவ்வளவுதான்.

வந்த கோரிக்கை

ஒரு சாதிச் சங்கத்தின் மாவட்டத் தலைவர் அமைப்பின் மூத்த வழக்கறிஞரைத் தேடி அலுவலகத்துக்கே வந்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டும், விசாரணை இல்லாமல் வழக்குப் பதிவு செய்யக் கூடாது என்ற கோரிக்கைகளோடு பேருந்து நிலையத்தை ஒட்டிய திடலில் மாலைக் கூட்டம் நடத்த விண்ணப்பித்திருந்தார்கள். காவல்துறை மறுத்துவிட்டது. "அனுமதி கேஸ்னா உங்களைத்தான் பார்க்கச் சொன்னாங்க" என்றார் அவர்.

அவர்கள் எதிர்க்கும் சட்டம்தான் இந்த அமைப்பின் முதல் வேலைக்கே அடிப்படை. விசாரணை பற்றிய அவர்களுடைய கோரிக்கையும் தற்செயலானதல்ல. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவுக்கு முதற்கட்ட விசாரணை, கைதுக்கு முன் அனுமதி என்று சில கட்டுப்பாடுகளை விதித்தது. அந்த ஆண்டே நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்து அவற்றைச் செல்லாதாக்கியது. 2020-இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தத்தை ஏற்றது. சங்கம் இந்தக் கதையைத் திருப்பி எழுதப் பார்த்தது. அதைத் தடுக்கத்தான் அமைப்பின் களப்பணியாளர்கள் அப்போது தெருவில் நின்றிருந்தார்கள்.

மறுப்புக் கடிதம் ஒரே பத்தி. "மேற்படி இடத்தில் கூட்டம் நடத்த அனுமதித்தால் சட்டம் ஒழுங்கு பிரச்சினை ஏற்பட வாய்ப்புள்ளதால் அனுமதி மறுக்கப்படுகிறது." என்ன பிரச்சினை, யாரால், எந்தத் தகவலின் பேரில் என்று ஒரு சொல்கூட இல்லை.

முதலில் ஒரு சரிபார்ப்பு நடந்தது. அமைப்பு நடத்திக்கொண்டிருந்த வன்கொடுமை வழக்குகளில் சங்க நிர்வாகிகள் யாராவது குற்றஞ்சாட்டப்பட்டவர்களா என்று கோப்புகளைப் பார்த்தார்கள். நிர்வாகிகள் யாருமில்லை. சாதாரண உறுப்பினர் ஒருவர் ஒரு வழக்கில் இருந்தார். அந்த வழக்கை நடத்தும் வழக்கறிஞர் இந்த மனுவைத் தொடக்கூடாது என்று முடிவானது. சாட்சிகளையும் பார்க்க வேண்டியிருந்தது என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் சிக்கல் அங்கிருந்து வரவில்லை என்பது வேறு.

செயற்குழுவில் நடந்தது

செயற்குழு இரவு வெகுநேரம் நீண்டது. குறிப்பேட்டில் எழுதப்பட்டதையும் அங்கே இருந்தவர்கள் சொன்னதையும் வைத்துத்தான் இந்தப் பகுதியை எழுதுகிறேன்.

தொழிற்சங்கக்காரரின் வாதம் எளிமையானது. அவர்களிடம் பணம் இருக்கிறது, வக்கீல் கிடைப்பார், நம் நேரம் குறைவு. மறுப்பதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இதுதான் வலுவானது என்று நினைக்கிறேன். ஆனால் மனுதாரரின் வசதியை அமைப்பு அதுவரை எந்த வழக்கிலும் விசாரித்ததில்லை. மாநில அளவில் பலமான ஒரு தொழிற்சங்கத்துக்கும் கட்டணமில்லாமலே மனு போட்டிருக்கிறது. இந்த ஒருவருக்கு மட்டும் வசதியைக் கேட்டால் அது வசதியைப் பற்றிய கேள்வியாக இருக்காது.

களப்பணியாளர் ஒருவர் திடலுக்குப் பின்னால் இருக்கும் காலனியைச் சேர்ந்தவர். அவர் சட்டமே பேசவில்லை. "கூட்டம் முடிஞ்சா அவங்க வண்டி ஏறிப் போயிருவாங்க தோழர். நாங்க அதே தெருவுலதான் இருக்கணும். மைக்ல சொல்றது எங்க வீட்டுக்குள்ள கேக்கும்." குழுவில் யாரிடமும் இதற்குச் சட்டென்று பதில் இல்லை. இருந்ததாக இப்போது எழுதினால் பொய்யாகிவிடும்.

மூத்த வழக்கறிஞர் 1950-க்குப் போனார். அரசமைப்பு நடைமுறைக்கு வந்த சில மாதங்களில், மே 26 அன்று, உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளைச் சொன்னது. ஒன்று ரொமேஷ் தாப்பர் வழக்கு. அவருடைய இடதுசாரிப் பத்திரிகை 'கிராஸ் ரோட்ஸ்' சென்னை மாநிலத்துக்குள் வரக்கூடாது என்று இங்கிருந்த அரசு தடை விதித்திருந்தது. இன்னொன்று பிரிஜ் பூஷண் வழக்கு. ஆர்.எஸ்.எஸ். சார்பான 'ஆர்கனைசர்' அச்சுக்குப் போகுமுன் தணிக்கைக்கு வர வேண்டும் என்று டெல்லி நிர்வாகம் உத்தரவிட்டிருந்தது. ஒருவரையொருவர் சகிக்காத இரண்டு தரப்பும் ஒரே நாளில் ஒரே காரணத்துக்காக வென்றன. ஒரு பத்திரிகைக்காக எழுதிய வாதத்தை மற்றதற்கு இல்லையென்று சொல்ல நீதிமன்றத்துக்கு வழியே இல்லை என்றார் அவர்.

அப்புறம் 1989-ஆம் ஆண்டு ரங்கராஜன் எதிர் ஜெகஜீவன் ராம் வழக்கு. இட ஒதுக்கீட்டு முறையை விமர்சித்த ஒரு தமிழ்ப் படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகப் பேச்சுரிமையை அடக்க முடியாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை என்றது தீர்ப்பு. அமைப்பு தன் மனுக்களில் ஆண்டுக்கணக்காக மேற்கோள் காட்டிவந்த தீர்ப்பு இது. அந்தப் படம் என்ன சொன்னது என்று குழுவில் பாதிப் பேருக்கு அன்றுதான் தெரிந்தது.

இதெல்லாம் நல்ல வாதங்கள். ஆனால் குழுவை அசைத்தது வேறொன்று. களப்பணியாளர் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்துவந்தார். முந்தைய ஆண்டு ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் படத்தோடு கடைத்தெரு வழியாக ஊர்வலம் போகக் காலனி இளைஞர்கள் அனுமதி கேட்டபோது வந்த மறுப்புக் கடிதம் அதில் இருந்தது. இரண்டையும் மேசையில் அருகருகே வைத்தார். அதே காவல் நிலையம், அதே பத்தி, அதே "ஏற்பட வாய்ப்புள்ளதால்". இடத்தின் பெயரும் தேதியும் மட்டும் வேறு.

"பேரை மறைச்சிட்டா ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். அப்படிச் சொன்னதால் அவர் மனம் மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம். "நான் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன். ஆனா எடுக்கிறதா இருந்தா இந்த வரியைச் சும்மா விடாதீங்க." சொன்னபடி எதிர்த்தே வாக்களித்தார்.

எடுத்த முடிவும் காரணமும்

பெரும்பான்மை வாக்கில் மனுவை எடுப்பது என்று முடிவானது. அரசமைப்பின் 19(1)(பி) ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைத் தருகிறது. 19(3) அதற்கு நியாயமான கட்டுப்பாடுகளை அனுமதிக்கிறது. ஒரு சட்டத்தைத் திருத்தக் கேட்பது குற்றமல்ல. பட்டியல் சாதியினர் மீது வெறுப்பைத் தூண்டும் பேச்சோ, பொது இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதோ வன்கொடுமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி குற்றம். பேசுவதற்கு முன்பே அப்படிப் பேசுவார்கள் என்று ஊகித்துக் கூட்டத்தையே தடுப்பது ஒன்று, பேசியபின் வழக்குப் போடுவது இன்னொன்று. அமைப்பு இரண்டாவதன் பக்கம் நிற்பது என்று முடிவெடுத்தது.

சங்கம் இருசக்கர வாகனப் பேரணிக்கும் அனுமதி கேட்டிருந்தது. பாதை காலனித் தெரு வழியாகப் போனது. அதற்காக வாதாட மாட்டோம் என்று அமைப்பு சொல்லிவிட்டது. பிடிக்காதவர்கள் என்பதால்தான் இந்தக் குறைப்பா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. முன்பு ஒரு இடதுசாரிக் கட்சியின் வாகனப் பேரணிக்குப் போக்குவரத்துக் காரணத்தால் மறுப்பு வந்தபோதும் அமைப்பு எதிர்க்கவில்லை என்பது கோப்பில் இருந்தது. அதனால் அந்த முடிவு மாறவில்லை.

இன்னும் இரண்டு விஷயங்களைத் தலைவரிடம் வழக்கறிஞர் வாய்மொழியாகச் சொன்னார். சங்கத்தின் கருத்தை அமைப்பு ஆதரிக்கவில்லை. கூட்டத்தில் குற்றம் நடந்தால் புகார் கொடுப்பவர்களுக்கு அமைப்பு துணை நிற்கும். தலைவர் "சரி சரி" என்றார். எழுத்தில் எதுவும் வாங்கவில்லை.

நீதிமன்றத்தில்

அரசுத் தரப்பு, எதிர்த்தரப்பினர் திரளக்கூடும் என்று உளவுத் தகவல் இருப்பதாகச் சொன்னது. பொதுச் சாலைகளிலும் இடங்களிலும் கூட்டங்களை முறைப்படுத்தலாம், ஒட்டுமொத்தமாகத் தடுக்க முடியாது என்ற உச்ச நீதிமன்றத்தின் ஹிமத்லால் ஷா தீர்ப்பும் 1989 ரங்கராஜன் தீர்ப்பும் எடுத்துவைக்கப்பட்டன. அனுமதி கிடைத்தது. கூடவே நிபந்தனைகளும் வந்தன. நேர வரம்பு, ஒலிபெருக்கி அளவு, காணொளிப் பதிவு, சாதியை இழிவுபடுத்தும் முழக்கம் கூடாது என்பவை வழக்கமானவை. கடைசியில் ஒன்று இருந்தது. கூட்டத்திலோ அதையொட்டியோ யாரால் எந்த அசம்பாவிதம் நேர்ந்தாலும் ஏற்பாட்டாளர்களே முழுப் பொறுப்பு, இழப்பையும் அவர்களிடமே வசூலிக்கலாம் என்பது.

இந்த நிகழ்வில் நான் அதிகம் யோசித்தது இந்த இடத்தைப் பற்றித்தான். யாரோ ஒரு வழிப்போக்கன் கல்லெறிந்தாலும் கூட்டம் போட்டவர் பணம் கட்ட வேண்டும் என்பது அந்த வாசகத்தின் பொருள். சொத்துச் சேதத்துக்குத் தமிழ்நாட்டில் 1992-இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. இப்படி ஒரு பொத்தாம்பொதுவான நிபந்தனை தேவையே இல்லை. தொழிலாளர் சங்கங்களுக்காக ஆஜரான முந்தைய வழக்குகளில் இதே வழக்கறிஞர் இதே மாதிரி வாசகத்தை எதிர்த்துக் குறைக்க வைத்திருக்கிறார். அவருடைய குறிப்புகளில் இருக்கிறது.

இந்த முறை நீதிபதி கேட்டபோது தலைவர் ஒப்புக்கொண்டதாகத் தலையாட்டினார். வழக்கறிஞர் எதுவும் சொல்லவில்லை. பிற்பாடு நடந்த ஆய்வுக் கூட்டத்தில் ஏன் என்று கேட்டார்கள். "கட்சிக்காரரே சம்மதிச்சப்போ நான் என்ன சொல்றதுன்னு நினைச்சேன். இன்னொண்ணும் இருக்கு. இவங்க மேல ஒரு கடிவாளம் இருக்கட்டும்னு பட்டுச்சு." அமைப்பில் பலரும் அன்று அப்படித்தான் நினைத்தார்கள். உத்தரவைப் படித்துவிட்டு அந்த நிபந்தனையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மனுவை எடுக்கலாமா வேண்டாமா என்று அவ்வளவு நேரம் பேசியவர்கள், எடுத்தபின் எந்த அளவு உழைப்போடு நடத்துவது என்று ஒரு நிமிடமும் பேசியிருக்கவில்லை.

கூட்டத்தன்று

எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் குறைவு. பெரும்பாலான பேச்சு சட்டத்தைப் பற்றியும் கட்சிகளைப் பற்றியும் இருந்தது. கடைசியில் பேசிய இளைஞர் அணிப் பொறுப்பாளர் காலனியைப் பெயர் சொல்லி, இங்கே எழுத முடியாத வார்த்தைகளில் பேசினார். ஒலிபெருக்கியில் அது காலனிக்குள் கேட்டது. மேடையில் யாரும் தடுக்கவில்லை. காவல்துறையின் கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலனிக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். காவல் நிலையத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், பதிவு செய்யவில்லை. பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பியபிறகுதான் முதல் தகவல் அறிக்கை வந்தது. புகாரில் பேசியவரோடு ஏற்பாட்டாளர் என்ற முறையில் தலைவர் பெயரும் இருந்தது. ஒரு தரப்புக்காக ஆஜரான வழக்கறிஞர் அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்கு ஆஜராக இந்திய பார் கவுன்சில் விதிகள் இடம் தருவதில்லை. ஆகவே அமைப்பின் மூத்த வழக்கறிஞர் இதில் ஒதுங்கியே இருக்க வேண்டியிருந்தது. மனு தயாரிப்பில் கைகொடுத்த இளையவர்களும் அப்படியே. பக்கத்து மாவட்டத்தில் ஒருவரைத் தேடிப் பிடிக்கும்வரை காலனிக்காரர்கள் களப்பணியாளரை மட்டும் நம்பி அலைந்தார்கள்.

திட்டு இரண்டு பக்கமிருந்தும் வந்தது. ஒரு கையால் அனுமதி வாங்கித் தந்து மறு கையால் வழக்குப் போடுகிறார்கள் என்று சங்கம் துண்டறிக்கை அடித்தது. வாய்மொழியாகச் சொன்னது அவர்களுக்கு ஞாபகமில்லை, அல்லது ஞாபகமில்லாததுபோல் இருந்தார்கள். காலனியில் பெரியவர் ஒருவர் களப்பணியாளரிடம் கேட்டது இன்னும் கடுமை: "மைக் வாங்கிக் குடுத்ததே உங்க ஆளுங்கதானம்மா?" எதிர்த்து வாக்களித்த ஒருவர்தான் அந்த முடிவுக்கு வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மரியாதையாக ஒரு கடிதம் எழுதிச் சந்தாவை நிறுத்திக்கொண்டார்.

அந்தக் கடைசி நிபந்தனை

சில மாதங்களுக்குப் பிறகு நகராட்சியின் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் ஒருநாள் உண்ணாவிரதத்துக்கு அனுமதி கேட்டார்கள். காவல்துறை இந்த முறை மறுக்கவில்லை. அனுமதி கொடுத்து, அந்தக் கடைசி நிபந்தனையை எழுத்து மாறாமல் சேர்த்து, சங்கத்தின் வழக்கில் வந்த உத்தரவின் எண்ணையும் குறிப்பிட்டிருந்தது. மாதச் சம்பளம் ஒழுங்காக வராததால் உண்ணாவிரதம் இருப்பவர்கள் யாரோ செய்யும் சேதத்துக்குப் பணம் கட்டுவதாக உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் பயந்தார்கள். கையெழுத்துப் போட ஆளில்லை.

அமைப்பு மறுபடி நீதிமன்றம் போனது. அரசுத் தரப்பு பழைய உத்தரவை எடுத்து நீட்டியது. இதே வழக்கறிஞர் ஆட்சேபிக்காத நிபந்தனை இப்போது மட்டும் எப்படி அநியாயமாகும் என்று கேட்டது. கேள்வியில் தவறில்லை. நீண்ட வாதத்துக்குப் பிறகு, ஏற்பாட்டாளர்கள் தாங்கள் நேரடியாகச் செய்ததற்கு மட்டும் பொறுப்பு என்று நிபந்தனை திருத்தப்பட்டது. அதற்குள் குறித்த தேதி போய்விட்டது. உண்ணாவிரதம் பிறகு நடந்தது, ஆனால் இடைப்பட்ட நாட்களில் ஒப்பந்ததாரர் ஒரு பிரிவினரோடு தனியாகப் பேசி முடித்திருந்தார். வந்து உட்கார்ந்தவர்கள் பாதிப் பேர்.

சாதிச் சங்கத்தின் வழக்கில் வந்த உத்தரவால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. அடுத்த ஏப்ரல் 14 ஊர்வல மனுவில், "ஏற்பட வாய்ப்புள்ளதால்" என்ற ஒற்றை வரி மறுப்பு செல்லாது என்பதற்கு அது கைகொடுத்தது. கடைத்தெரு வழிக்கு அனுமதி வந்தது, ஊர்த்தெரு வழிக்கு வரவில்லை.

மாறியவை, மாறாதவை

இப்போது எந்த மனுவையும், வரும் உத்தரவின் நிபந்தனைகளையும், மனுதாரர் யாரென்று தெரியாத ஒரு உறுப்பினர் பெயர் மறைத்த நகலில் படிக்கிறார். சின்ன ஊரில் பெயரை மறைப்பது பாதி நேரம் நடக்காத காரியம் என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அதனால் எந்த நிபந்தனைகளை யாருக்காக இருந்தாலும் ஆட்சேபிக்காமல் விடக்கூடாது என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். "யாரால் நேர்ந்தாலும் பொறுப்பு" அதில் முதலாவது. கட்சிக்காரர் சம்மதித்தாலும் ஆட்சேபத்தைப் பதிவு செய்ய வேண்டும். அது முடியாது என்கிற கட்சிக்காரரிடம் வக்காலத்து வாங்குவதில்லை.

வக்காலத்துக்கு முன்பே ஒரு கடிதம் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். கூட்டத்தில் குற்றம் நடந்தால் அமைப்பு என்ன செய்யும் என்பது அதில் வெளிப்படையாக இருக்கும். கூட்ட அனுமதி பார்க்கும் வழக்கறிஞர்களும் வன்கொடுமை வழக்கு பார்ப்பவர்களும் தனித்தனி. இவ்வளவு சிறிய அமைப்பில் இது கஷ்டம், வெளியூர் வழக்கறிஞர் ஒருவரோடு முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள். பாதிக்கப்படக்கூடிய பகுதிக்கு மனு போடுமுன் நேரில் போய்ச் சொல்கிறார்கள், அந்தப் பகுதியைச் சேர்ந்த களப்பணியாளரை அனுப்பாமல் செயற்குழுவில் ஆதரித்து வாக்களித்தவரே போக வேண்டும் என்பது விதி. இந்த மாற்றங்களில் எனக்கு அதிகம் பிடித்தது இதுதான்.

ஒன்றில் மட்டும் இன்னும் உடன்பாடு வரவில்லை. கூட்டத்தின் சத்தம் யாருடைய வீட்டுக்குள் கேட்குமோ அவருடைய வாக்குக்குச் செயற்குழுவில் கூடுதல் எடை வேண்டுமா என்பது. அப்படிக் கொடுத்தால் ஊர்த்தெருக்காரர்களும் அம்பேத்கர் ஊர்வலத்துக்கு எதிராக அதையே கேட்பார்கள் என்கிறார் மூத்த வழக்கறிஞர். ஊர்த்தெருக்காரர்கள் நம் செயற்குழுவில் இல்லையே என்கிறார் களப்பணியாளர். அடுத்த பொதுக்குழுவுக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். இளைஞர் அணிப் பொறுப்பாளர் மீதான வழக்கு சிறப்பு நீதிமன்றத்தில் சாட்சி விசாரணை நிலையில் இருக்கிறது.